ஆர்வில் சொன்ன ஆரஞ்சு

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆர்வில் டால்பெர்க்கின் பால் டேங்கர் டெலோரஸின் தூண்டில் கடை முன்னால் வந்து நின்றால், உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் கோப்பையும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். டெலோரஸ் சாக்பீஸை நீட்டுவாள். வெளிச்சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையின் தலைப்பில் 'இந்த வார நிறம்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் கீழே ஆர்வில் ஒரே ஒரு வரி எழுதுவார். பிறகு ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்.

விஸ்கான்சினின் வடகோடியில் இருந்த அந்த ஏரிக்கரை ஊரில், கோடை வந்துவிட்டால் மஸ்கி மீனைத் தவிர வேறு பேச்சு கிடையாது. முதலையின் மூஞ்சி, அதைவிட மோசமான குணம், நான்கடி நீளம். நூறு தடவை வீசினாலும் திரும்பிப் பார்க்காது. பார்த்துவிட்டால் வீசியவன் அன்றிரவு தூங்க மாட்டான். தண்ணீரின் மேல் பொளபொளவென்று சத்தமிட்டு ஓடும் கட்டையை அது கீழிருந்து பாய்ந்து கவ்வுகிற அந்த ஒரு நொடிக்காக, ஆட்கள் பொய்யாகக் காய்ச்சல் வரவழைத்து வேலைக்கு மட்டம் போட்டார்கள். கட்டை என்றால் மரத்தில் கடைந்து, வாலில் தகட்டுச் சுழலி பொருத்தி, சாயம் பூசி, முள் தொங்கவிட்ட பொய் இரை. அது கறுப்பாக இருக்க வேண்டுமா, வெள்ளையா, தவளைப் பச்சையா, ஆரஞ்சு வயிறா என்ற தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஆர்வில் ஐம்பத்தொரு அங்குல மீன் ஒன்றைப் பிடித்தார். "என்ன நிறக் கட்டை?" என்று டெலோரஸ் கேட்டாள். "கறுப்பு, மஞ்சத் தலை" என்றார். அந்த வாரம் கறுப்பு-மஞ்சள் போட்டவர்களில் மூன்று பேருக்கு மீன் விழுந்தது. அடுத்த வாரம் டெலோரஸ் எங்கிருந்தோ ஒரு பழைய பள்ளிக்கூடக் கரும்பலகையைத் தேடிக் கொண்டுவந்து மாட்டினாள். அன்றிலிருந்து ஊருக்கே நிறம் சொல்லும் ஆள் ஆர்வில்தான்.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பது அவர் மனைவி லவோனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

சிவப்பு, பச்சை மட்டுமல்ல. ஆரஞ்சும் இளம்பச்சையும் அவர் கண்ணுக்குக் காய்ந்த புல்லைப் போல ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டாம் வகுப்பில் சிவப்பு மாட்டுக் கொட்டகையைப் பச்சையாகவும் புல்லைச் சிவப்பாகவும் வரைந்து கொடுத்து, ஒன்பதாம் வகுப்புவரை 'பச்சைக் கொட்டகை' என்ற பட்டப்பெயரோடு திரிந்தவர். அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். கல்யாணமான பிறகு லவோன் ஒவ்வொரு கட்டையின் தாடைக்குக் கீழேயும் நகம் தேய்க்கும் அரத்தால் கீறி அடையாளம் வைத்தாள். ஒரு கீறல் கறுப்பு, இரண்டு ஆரஞ்சு, மூன்று பச்சை, நான்கு மஞ்சள். பெட்டியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்து, "ம்ம்... இன்னைக்கு ஆரஞ்சு" என்று அவர் சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஏதோ ஞானி தியானத்தில் சொல்வது போல இருக்கும்.

ஆகஸ்டு மாதம் ஜோடி என்ற அவர்கள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. லவோன் பத்து நாளைக்கு மகள் இருந்த ஓ கிளேர் நகரத்துக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் ஊர் மீன்பிடிச் சங்கம் நடத்திய பழைய சாமான் சந்தையில் ஆர்வில் ஒரு கட்டையை வாங்கினார். பழைய கட்டைதான், ஆனால் சுழலியின் சத்தம் அபாரமாக இருந்தது. புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்து, வெயில் சாயும் நேரத்தில் நாணல் ஓரமாக அதை வீசினார். நான்காவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. நாற்பத்தொன்பது அங்குலம். படகோரத்தில் வைத்து அளந்து, முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்து நிதானப்படுத்தித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். உடம்பெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவருக்குக் கொட்டகையில்தான் உறைத்தது. நாளைக்கு வியாழக்கிழமை. இந்தக் கட்டையின் தாடையில் கீறல் இல்லை.

லவோனுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. பிரசவ அறையில் இருந்திருப்பாள். பெட்டியிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று கீறல் கட்டை இதைவிடக் கருத்திருந்தது; இரண்டு கீறல் போட்ட கட்டையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. சந்தேகமே இல்லை. மறுநாள் காலை பலகையில் பெரிதாக எழுதினார்: 'ஆரஞ்சு. வேறு எதுவும் வேண்டாம். 49 அங்குலம்!'

அந்தச் சனிக்கிழமை சங்கத்தின் வருடாந்தரப் போட்டி. ஐம்பது படகுகளுக்கு மேல் இறங்கும். வியாழன் மதியத்துக்குள் டெலோரஸ் கடையில் ஆரஞ்சுக் கட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. ரோலி கஷின்ஸ்கி என்று ஒரு கூரை வேலைக்காரர் இருந்தார். ஊரிலேயே அதிகக் கட்டை வைத்திருப்பவர், அதிகச் சத்தம் போடுபவரும் அவர்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே கட்டையை வீசி அவரை யாரும் பார்த்ததில்லை. கடையில் கிடைக்காத ஆத்திரத்தில், சாலையில் கோடு போடுகிற ஆரஞ்சு ஸ்பிரேயை வாங்கிவந்து தன் முப்பத்தாறு கட்டைகளையும் வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு அடித்துத் தீர்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை லவோன் கூப்பிட்டாள்.

"பேத்தி பொறந்துட்டா ஆர்வில்! ஏழு பவுண்டு. உன் மூக்கு, பாவம்."

ஆர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூக்கைப் பற்றிப் பேசி, ஜோடியின் உடம்பைப் பற்றிப் பேசி, கடைசியில் மீனைப் பற்றியும் பேசினார்.

"எந்தக் கட்டையில?"

"சந்தையில வாங்கினேனே, அதுல. ஆரஞ்சு."

"நான் பாக்காம அது ஆரஞ்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நானேதான். ஒத்துப் பாத்தேன்."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள் லவோன்.

அனுப்பினார். மறுபடி போன் அடித்தது. அவள் சிரிப்பை அடக்கப் பார்ப்பது மூச்சிலேயே தெரிந்தது.

"ஆர்வில், அது பச்சை. பட்டாணி இருக்கே, அந்தப் பச்சை."

ஆர்வில் கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு ஐம்பது படகுகள் அவர் பேச்சை நம்பி ஆரஞ்சோடு இறங்கப் போகின்றன. ஏரியிலேயே பச்சை வைத்திருக்கும் ஒரே ஆளாக அவர் இருக்கப் போகிறார். வேண்டுமென்றே ஊரை ஏமாற்றிவிட்டான் என்று நாளைக்கு யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது? தெரியாமல் சொன்னேன் என்றால், எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் மிச்சமெல்லாம் வெளியே வந்துவிடும்.

"போய்ச் சொல்லிடு" என்றாள் லவோன். "அம்பத்தெட்டு வயசு ஆச்சு. இன்னும் ரெண்டாங்கிளாஸ் பசங்களுக்கா பயப்படறே?"

சொல்லிவிடத்தான் நினைத்தார். கடைக்குப் போனார், பூட்டியிருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் போட்டிக்காரர்களுக்குப் பான்கேக் போடும் காலைச் சாப்பாட்டுக்குச் சங்கக் கூடத்துக்குப் போனார். மேப்பிள் பாகு வாசனையும் சிரிப்புச் சத்தமுமாக இருந்தது கூடம். ஆர்வில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அதற்குள் சங்கத் தலைவர் எல்ட்ரெட் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரு நல்ல சேதி! நம்ம ஆர்வில் தாத்தா ஆயிட்டான்! பேத்தி! அவனே எந்திரிச்சு நிக்கறான் பாருங்க, சந்தோஷம் தாங்கல!"

கூடம் முழுக்கக் கைதட்டியது. முதுகில் அடித்தார்கள். டெலோரஸ் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். "ஆரஞ்சு! ஆரஞ்சு!" என்று ஒரு மூலையிலிருந்து கோஷம் கிளம்பியது. ஆர்வில் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்துவிட்டார். உடனே சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். யாரோடு யார் படகில் போவது என்பது சீட்டில்தான் முடிவாகும். ஒருவர் பிடித்ததற்கு மற்றவர் சாட்சி. அவர் பெயரோடு வந்த பெயர் ரோலி கஷின்ஸ்கி.

வானம் மூடியிருந்தது. தண்ணீரில் லேசான சிற்றலை, நல்ல நாள். படகு நாணல் ஓரத்துக்கு வந்ததும் ரோலி தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே முப்பத்தாறு கட்டைகளும் ஒரே கோலத்தில், சாலையோரத் தடுப்புக் கூம்புகள் மாதிரி படுத்திருந்தன. பெயிண்ட் வாசனை படகு முழுக்க அடித்தது.

"எல்லாம் உன் புண்ணியம்யா" என்றார் ரோலி. "எங்கே, அந்த நாப்பத்தொம்போது இஞ்சுக் கட்டைய எடு பாப்போம். தொட்டுக் கும்பிட்டுக்கறேன்."

ஆர்வில் அசையவில்லை. ரோலி தானே கையை விட்டுப் பெட்டியைத் துழாவி, காய்ந்த நீர்ப்புல் இன்னும் முள்ளில் சுற்றியிருந்த கட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?"

"அதான்."

"ஆர்வில், இது பச்சைய்யா."

"ஆமாம்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க? உனக்குத் தெரியலையா?"

"தெரியல" என்றார் ஆர்வில். சொன்ன பிறகு வாய் தானாகவே மிச்சத்தையும் கொட்டியது. கொட்டகைப் படம், கீறல்கள், லவோன், புதன்கிழமை, போட்டோ எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது ரோலியின் முகத்தைப் பார்க்கவில்லை. மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ரோலி சிரித்த சிரிப்பில் அக்கரை நாணலிலிருந்து இரண்டு நீர்க்கோழிகள் கிளம்பிப் பறந்தன. படகு ஆடியது. அவர் கண்ணைத் துடைத்தார், நிறுத்தினார், பெட்டிக்குள்ளே கிடந்த முப்பத்தாறையும் பார்த்தார், மறுபடி ஆரம்பித்தார்.

"மூணு மணி நேரம்யா! வேலியில தொங்கவிட்டு அடிச்சேன்! பக்கத்து வீட்டுப் பூனையும் ஆரஞ்சாயிடுச்சு!"

"மன்னிச்சுக்கோ ரோலி."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நாலு வருஷமா நீ சொன்னதெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? கலர் பேரு பொண்டாட்டி கீறினது, சரி. இன்னைக்கு இதைப் போடணும்னு எப்படி முடிவு பண்ணுவே?"

இதை யாரும் அவரிடம் கேட்டதேயில்லை. ஆர்வில் சற்று யோசித்தார்.

"வெளுப்பா கருப்பான்னு மட்டும்தான் பாப்பேன். மீனு கீழ இருந்துதானே பாக்குது? அதுக்கு மேல வானம். மேகம் மூடினா, இருட்டிக்கிட்டு வந்தா, கருத்த கட்டை திட்டமாத் தெரியும். சுள்ளுனு வெயில் அடிச்சா வேற. தண்ணி டீ கலர்ல... அதாவது கலங்கி இருந்தா வேற. கட்டையைத் தூக்கி வானத்துக்கு நேராப் புடிச்சுப் பாப்பேன். நல்லா எடுப்பாத் தெரிஞ்சா போடுவேன்."

ரோலி ஒரு ஆரஞ்சுக் கட்டையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை வளைத்துக் கீழிருந்து பார்த்தார். பிறகு பச்சையைத் தூக்கிப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

"அட! ரெண்டும் ஒரே மாதிரி நிழலாத் தெரியுது."

"எனக்கு எப்பவும் அப்படித்தான் தெரியும்."

"எதுக்கும் அந்தப் பச்சைய என்கிட்ட குடுத்துடு."

"மாட்டேன்" என்றார் ஆர்வில். அவருக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்கு உறுதியாகச் சொன்னார். "அம்பது படகை ஆரஞ்சு போட வெச்சுட்டு நம்ம படகு மட்டும் பச்சை போட்டா அது திருட்டு. நானும் ஆரஞ்சுதான் போடப்போறேன். ரெண்டு கீறல் இருக்கு, தடவிப் பாத்துக்கோ."

ரோலி முணுமுணுத்தார். பால்காரனோடு படகேறினால் இப்படித்தான் என்றார். ஆனாலும் ஆரஞ்சையே வீசினார்.

மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரோலியின் கை பழக்கதோஷத்தில் பெட்டிக்குப் போகும். உள்ளே எல்லாம் ஆரஞ்சு என்பதைப் பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தையோடு திரும்பும். வேறு வழியில்லாமல் மறுபடி வீசுவார். சாண்ட்விச் தின்றார்கள். ஆர்வில் பேத்தியின் மூக்கைப் பற்றிச் சொன்னார். ரோலி தன் மூக்கைப் பற்றிச் சொன்னார்.

பதினொரு மணிக்கு மேல், மூழ்கிக் கிடந்த ஒரு மரத்தின் பக்கமாக ரோலி கட்டையை இழுத்துக்கொண்டு வந்தபோது, அதன் பின்னால் தண்ணீர் மேடாக எழும்பி வந்தது.

"பின்னாடி வருது! நிறுத்தாதே!" என்றார் ஆர்வில், மூச்சுக்குள்ளேயே.

"தெரியுது, தெரியுது."

"படகுக்கிட்ட வந்ததும் எட்டுப் போடு. பெரிசாப் போடு. அவசரப்படாதே."

ரோலி கோல் முனையைத் தண்ணீருக்குள் அழுத்தி, எட்டு என்ற எண்ணை எழுதுவது போலக் கட்டையைச் சுழற்றினார். ஒரு சுற்று. அடுத்த சுற்றில், படகின் விளிம்பிலிருந்து ஒரு கை தூரத்தில், வெள்ளை வாய் ஒன்று திறந்து மூடியது. ரோலியின் முகமெல்லாம் தண்ணீர். கோல் வளைந்தது. மீன் படகுக்கு அடியில் போய், சுற்றி வந்து, ஒரு முறை எகிறித் தலையை உதறியது. ரோலி ஆண்டவரையும் ஆண்டவருடைய அம்மாவையும் கூப்பிட்டார். ஆர்வில் வலையோடு மண்டியிட்டு, "விடு, விடு, இழுக்காதே, விடு" என்று சொல்லிக்கொண்டேயிருந்து, தலை திரும்பிய தருணம் பார்த்து வலையை அடியில் செலுத்தினார்.

நாற்பத்தேழரை அங்குலம். அளந்து, படம் எடுத்து, தண்ணீரிலேயே வைத்துப் பிடித்திருந்தார்கள்; அது வாலை வீசி ஆர்வில் முகத்தில் ஒரு அறை கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் படகின் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் ரோலி திடீரென்று. "அந்த விஷயத்தை. சத்தியமா."

மாலை கூடத்தில் பொரித்த சாசேஜும் உருளைக்கிழங்குக் கலவையுமாக விருந்து. எல்ட்ரெட் பட்டியலை வாசித்தார். வாசிக்கும்போதே அவர் குரல் ஏறிக்கொண்டு போயிற்று. மொத்தம் ஒன்பது மீன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே நாளில் நாலுக்கு மேல் விழுந்ததில்லை. ஒன்பதும் ஆரஞ்சில். ரோலியுடையதுதான் பெரியது. கோப்பையை வாங்க ரோலி மேடையேறினார். கூடம் அவரை விட்டுவிட்டு ஆர்விலைப் பார்த்துக் கைதட்டியது.

அப்படியே விட்டிருக்கலாம். ரோலியும் மேடையிலிருந்து கண்ணைச் சிமிட்டினார். ஆனால் அந்தக் கைதட்டல் ஆர்விலுக்கு இடுப்பில் இறுக்கமாகப் போட்ட பெல்ட் மாதிரி இருந்தது. எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. புதன்கிழமை நான் மீன் புடிச்ச கட்டை ஆரஞ்சு இல்ல. பச்சை. ஏமாத்தணும்னு எழுதல. எனக்குச் செகப்பு, பச்சை, ஆரஞ்சு எதுவும் பிரிஞ்சு தெரியாது. பொறந்ததுலேந்தே அப்படித்தான். இவ்வளவு நாளா லவோன்தான் எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தா. அவ்வளவுதான்."

யாரோ ஒருவர், "அப்ப இந்த ஒம்போது?" என்றார்.

"அதை நான் சொல்றேன்!" என்றார் ரோலி, கோப்பையை ஆட்டிக்கொண்டு. "இன்னைக்கு நான் ஒரு தடவைகூடக் கட்டை மாத்தல. மாத்தறதுக்கு வேற இல்ல! பொழுதுக்கும் கட்டை தண்ணியில கெடந்துச்சு. உங்க கதையும் அதானே? மத்த வருஷமெல்லாம் பாதி நாள் பெட்டியையே நோண்டிக்கிட்டு இருப்போம்!"

முதலில் டெலோரஸ் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. இரண்டாம் வகுப்புச் சிரிப்புக்குப் பயந்து ஐம்பது வருடம் வாயை மூடியிருந்த ஆர்வில், அந்தச் சிரிப்பின் நடுவில் நின்றுகொண்டு, காதெல்லாம் சூடாக, ஆனால் காயம் எங்கும் படாமல், தானும் சிரிப்பதைக் கண்டார்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. லூதரன் கோயில் போதகருடைய கை.

"எனக்கும் தெரியாது" என்றார் போதகர். "எந்தப் பண்டிகைக்கு எந்தக் கலர் அங்கின்னு என் மனைவிதான் எடுத்து வெப்பாங்க. ஒரு தடவ அவங்க ஊர்ல இல்ல. நீங்க யாரும் ஒண்ணும் கேக்கல, அதுக்கு ரொம்ப நன்றி."

இன்னொரு கை உயர்ந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று அடங்கியது. கையைத் தூக்கியவர் வெர்னர்; ஊரில் பாதி வீடுகளுக்கும் அந்தக் கூடத்துக்கும் மின்கம்பி போட்ட எலக்ட்ரீஷியன். எல்லாத் தலைகளும் மெதுவாக நிமிர்ந்து கூரை விளக்குகளைப் பார்த்தன.

"பயப்படாதீங்க" என்றார் வெர்னர். "கம்பியோட கலர நம்பறதில்ல, மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"என் வீட்ல மணி அடிச்சா ஃபேன் சுத்துதேய்யா!" என்று கத்தினார் எல்ட்ரெட்.

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆர்வில் தட்டோடு உட்கார்ந்ததும் மேசையைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். "இது என்ன கலர்?" என்று சட்டையை இழுத்துக் காட்டினார்கள், துண்டுத்தாளைக் காட்டினார்கள், டெலோரஸ் தன் நகப்பூச்சைக் காட்டினாள். ஆர்வில் கூசாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கரகோஷம் கிடைத்தது. இரண்டாவது தட்டுக்குச் சாசேஜ் வந்தபோது போதகரும் வெர்னரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மேசையில் மூடியில்லாத இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் சிவப்புத் தக்காளிச் சாஸ், மற்றதில் கூழாக அரைத்த பச்சை நிற வெள்ளரி ஊறுகாய்.

"எது எது?" என்றார் போதகர் தணிந்த குரலில்.

வெர்னர் ஒரு கிண்ணத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். ஆர்வில் மற்றதை முகர்ந்தார். மூன்று பேரும் சிரிப்பை அடக்க முடியாமல், இரண்டிலிருந்தும் எடுத்துத் தாராளமாக ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.